விரிசலின் பின்பக்கம்

(பழைய கார்களின் ஃபைபர் கிளாஸ் பாடியைச் சீரமைப்பது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார்களை நேசிப்பவர்கள் கூடும் இடத்தில் எஞ்சினைப் பற்றிப் பேச ஆள் இருக்கும். குரோமியம், தோல் இருக்கை, வயர் சக்கரம் எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆள் இருக்கும். ஃபைபர் பாடி என்று பேச்செடுத்தால் மட்டும், "அதுக்கென்ன, பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு பேச்சால் எத்தனையோ நல்ல வண்டிகள் கெட்டிருக்கின்றன. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை அந்தப் பேச்சை மறுப்பதற்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.

இப்போது உங்களிடையே ஒரு துண்டு சுற்றி வரும். ஒரு மட்கார்டிலிருந்து உடைந்த துண்டு. பாலித்தீன் உறையை அவிழ்க்க வேண்டாம். இழை தோலில் ஏறினால் இரவு முழுக்க அரிக்கும். பெயிண்ட் அடித்த முகத்தை விட்டுவிட்டு உடைந்த விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக, நார் நாராக நீட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி இழை. அதைக் கவ்விக்கொண்டு மங்கிய மஞ்சளில் இறுகியிருப்பது பாலியெஸ்டர் ரெசின். கான்கிரீட்டில் கம்பிக்கும் சிமெண்டுக்கும் என்ன உறவோ அதே உறவுதான் இங்கே இழைக்கும் ரெசினுக்கும். இழுக்கும் விசையைத் தாங்குவது இழை. இழைகளை இடம்பெயராமல் பிடித்து, ஒன்றின் மேல் விழும் பாரத்தை அடுத்ததற்குக் கடத்துவது ரெசின். வெறும் ரெசினை மட்டும் தகடாக ஊற்றி இறுகவிட்டால் கையாலேயே ஒடித்துவிடலாம்.

ஆகவே ஒரு பேனல் பிளந்திருக்கிறது என்றால் அங்கே இழை அறுந்திருக்கிறது. சீரமைப்பது என்றால் பிளவைத் தாண்டி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மறுபடி இழையை ஓடவிடுவது. பட்டியில் இழை கிடையாது. ரெசினில் குழைத்த மாக்கல் பொடிதான் பட்டி. கூடிப்போனால் இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரவுவதற்கு அது நல்ல பொருள். உடைந்ததைச் சேர்க்க அதனால் முடியாது. பிளவின் மேல் பட்டியை அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் வண்டி ஒரு பருவம் அழகாக இருக்கும். அப்புறம் அதே இடத்தில் அதே கோடு மேலே வரும். பூசி மெழுகிய வேலைக்கு ஃபைபர் ஒருபோதும் ஒத்துழைக்காது.

இந்தப் பொருள் காருக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எப்படிச் சீரமைப்பது என்பதும் இருக்கிறது. 1932-இல் அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார். அழுத்தக் காற்றின் வீச்சு உருகிய கண்ணாடி மேல் பட்டு, அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. அங்கே ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த கேம்ஸ் ஸ்லேட்டர் அதை ஓர் உற்பத்தி முறையாக வளர்த்தெடுத்தார். 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து விமானப் பாகங்களாகவும் படகுகளாகவும் ஆயின. போர் முடிந்தபின் கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த பில் டிரிட் போன்றவர்கள் அதே கைப்பழக்கத்தோடு கார் உடலையும் வார்க்கத் தொடங்கினார்கள்.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலில் நடந்த ஜெனரல் மோட்டார்ஸ் கண்காட்சியில் ஷெவர்லே கார்வெட் மேடையேறியது. ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் உற்பத்தி ஆரம்பம். அந்த ஆண்டு வந்தவை 300 கார்கள்தான். எல்லாம் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. ஒவ்வொன்றின் உடலும் 40-க்கும் மேற்பட்ட ஃபைபர் துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. அவற்றை ஒஹாயோ மாநிலத்து ஆஷ்டபுலாவில் ராபர்ட் மாரிசனின் மோல்டட் ஃபைபர் கிளாஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. முதல் சில வண்டிகளை ஃபைபரில் செய்துவிட்டுப் பிறகு எஃகுக்கு மாறுவதாகத்தான் ஆரம்பத்தில் எண்ணம். எஃகுத் தகட்டை அழுத்தும் அச்சுகளுக்கு ஆகும் பணமும் காலமும் பெரிது. குறைந்த எண்ணிக்கையில் செய்யும் வண்டிக்குக் கட்டாது. கார்வெட் ஃபைபரிலேயே நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனம் இன்னும் துணிந்தது. 1957-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த லோட்டஸ் எலீட்டில் தனிச் சட்டகமே இல்லை; ஃபைபர் உடலே பாரம் தாங்கியது. அதன் வடிவத்தை வரைந்த பீட்டர் கிர்வன்-டெய்லர் தொழிலால் கணக்காளர். 1962-இல் வந்த எலானில் முதுகெலும்பாக ஓர் எஃகுச் சட்டம் வைத்து அதன்மேல் ஃபைபர் உடலை அமர்த்தினார்கள். எலானை வடிவமைத்த ரான் ஹிக்மன்தான் பின்னாளில் உலகெங்கும் பட்டறைகளில் நிற்கும் மடக்கு வேலைமேசையான வொர்க்மேட்டைக் கண்டுபிடித்தவர். கையால் வேலை செய்கிறவனின் சிரமம் அறிந்தவர் என்பது அவர் காரிலும் தெரியும்.

நம் அருகிலேயே பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-இல் டால்ஃபின் என்ற சிறு காரை ஃபைபர் உடலோடு கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை அடியொற்றிய வண்டி அது. 848 சிசி எஞ்சின். இந்த அவையில் சிலராவது அதில் போயிருப்பீர்கள். இன்றைக்கு டால்ஃபினுக்குப் பேனல் வாங்கக் கடை இல்லை. எஞ்சியிருக்கும் வண்டிகள் எஞ்சியிருப்பது பழுதுபார்ப்பவர்களின் கையால்தான்.

ஆக, உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார்வெட்டின் அசல் பேனல்கள் பெரும்பாலும் இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே அழுத்தி வார்த்தவை. முன்னும் பின்னும் வழவழப்பாக இருக்கும்; ஜெல்கோட் என்ற வெளிப்புற ரெசின் பூச்சு கிடையாது. லோட்டஸ் எலான் வகையில் மோல்டுக்குள் முதலில் ஜெல்கோட் பூசி, பின்னால் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை வைத்துக் கையால் அடுக்கியிருப்பார்கள். வெளிப்பக்கம் கண்ணாடியாக இருக்கும், உட்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். பழைய கார்வெட்டில் ஒரு மட்கார்டின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்து சொரசொரப்பாக இருந்தால், அது தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல, பின்னால் யாரோ மாற்றியது என்று சொல்லிவிடலாம். 1970-களில் ஷெவர்லே எஸ்எம்சி என்ற, இழையும் ரெசினும் முன்கூட்டியே கலந்து சூடாக அழுத்தும் வகைக்கு மாறியது. அதில் சாதாரணப் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எபாக்சியோ, வினைல் எஸ்டரோ, அதற்கென்றே விற்கும் பசையோ வேண்டும். இன்னொன்று: கிழக்கு ஜெர்மனியின் டிராபன்டையும் பலர் ஃபைபர் கிளாஸ் என்று நினைக்கிறார்கள். அது பஞ்சும் ஃபீனாலிக் ரெசினும் கலந்தது. அதன் வழி வேறு.

இனி விரிசலுக்கு வருகிறேன். என் உரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

காரணம் இல்லாமல் விரிசல் வராது. அந்தக் காரணம் பெரும்பாலும் விரிசல் தெரியும் பக்கத்தில் இருக்காது. டிக்கியில் கட்டாமல் போட்ட ஜாக்கி உருண்டு உள்ளிருந்து இடித்திருக்கும். சக்கரம் தூக்கியெறிந்த கல் மட்கார்டின் அடியில் அடித்திருக்கும். அப்போது வெளியே ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் கிளம்பும். பானெட் கீல், கதவுக் கைப்பிடி, விளக்குக் குழி இவற்றின் மூலையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டால், யாரோ போல்ட்டை அளவுமீறி முடுக்கியிருக்கிறார்கள், அல்லது அகலமான வாஷரைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் பல கோடுகள் ஓடினால் பேனல் ஓடும்போது வளைந்து வளைந்து நிமிர்கிறது. அங்கே தாங்கல் போதவில்லை. கார்வெட்டில் இரண்டு பேனல் சந்திக்கும் மூட்டின் பின்னால் ஓர் ஒட்டுப்பட்டை கொடுத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். மூட்டின் மேலேயே நேர்க்கோடாக விரிசல் வந்தால் அந்த ஒட்டுப்பட்டை விட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

சில சமயம் காரணம் ஃபைபரிலேயே இருக்காது. 1963-இல் வந்த ஸ்டிங் ரே மாடலிலிருந்து கார்வெட்டின் பயணிகள் பகுதியைச் சுற்றி எஃகுக் கூடு ஒன்று ஃபைபருக்குள் மறைந்திருக்கிறது. ஃபைபர் துருப்பிடிக்காது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே அந்தக் கூடு துருப்பிடிக்கும். முன்கண்ணாடியைச் சுற்றி நீர் இறங்கும் இடத்தில் தொடங்கும். பின்சக்கரத்துக்குமேல் வளைந்தேறும் இடத்தில் அடிச்சட்டமும் அரிபடும். கூடும் சட்டமும் இளகினால் உடலின் எடை வேறு இடத்தில் போய் உட்காரும், கதவு ஒரு பக்கம் தொங்கும், ஃபைபர் பிளக்கும். அந்த வண்டியில் ஃபைபரைச் சீர்செய்து கொடுப்பது வண்டிக்காரரின் பணத்தை வீணாக்குவது. எலானில் உடலைச் சட்டத்தோடு பிணைக்க ஃபைபருக்குள் பதித்திருக்கும் எஃகுத் துண்டுகள் துருவேறி இறுகிவிடும். போல்ட்டைக் கழற்றப் போய்ச் சுற்றியுள்ள ஃபைபரையே கிழித்துவிட்டவர்கள் உண்டு.

கடற்கரையில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் பார்த்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரங்களில் ஃபைபர் படகுகள் ஏராளமாகப் பெருகின. மேட்டும் ரெசினும் அங்கே அன்றாடப் பொருள். படகில் ஒரு கீறலைக் காட்டினால் அவர்கள் வெளியே பார்ப்பதற்கு முன் உள்ளே இறங்கிவிடுவார்கள். "அண்ணே, வெளிய கெடக்கட்டும், உள்ளார எங்க அடிபட்டிருக்குன்னு பாப்போம்" என்பார்கள். படகில் பூசி மெழுக முடியாது. கடல் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும். கார் வேலை செய்கிறவர்கள் அந்தக் கைகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அடிபட்டது எதுவரை என்று அறிய ஒரு நாணயம் போதும். பேனலைச் சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே சுற்றி வந்தால், கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிடப் பெரிய ஒரு வட்டம் கிடைக்கும். அதுதான் உண்மையான காயம். நிறம் கலக்காத பேனலாக இருந்தால் பெயிண்டை எடுத்தபின் பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். இழை ரெசினிலிருந்து விடுபட்ட பகுதி வெளிறித் தெரியும்.

பெயிண்டை எடுப்பது தனிப் பாடம். எஃகுக்குப் பயன்படுத்தும் வீரியமான பெயிண்ட் ரிமூவரை ஃபைபரில் ஊற்றாதீர்கள். அது பெயிண்டோடு நிற்காமல் ரெசினுக்குள்ளும் இறங்கும். மாதங்கள் கழித்துப் புதுப் பெயிண்டின் அடியில் கொப்புளமாக எழும்பும். ரேஸர் பிளேடைப் படுக்கவைத்துப் பொறுமையாகச் சீவுவதுதான் பழைய கார்வெட் பித்தர்கள் நம்பும் முறை. பிளேடின் மூலைகளைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டால் பேனலில் கீறல் விழாது. பழைய லாக்கர் சுருள் சுருளாக வரும். நாள் பிடிக்கும் வேலை. ஆனால் ஒவ்வொரு அங்குலத்தையும் உங்கள் கண் பார்த்துவிடும். முன்பு யாரோ மூடிவைத்த பழைய காயங்களெல்லாம் வெளியே வந்துவிடும். ஹீட் கன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ரெசின் இளகிப் பேனல் நெளியும்.

இப்போது நடுப்பொருளுக்கு வருவோம். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. முழுதாக இறுகிப் பல ஆண்டுகள் ஆன பேனலில் அப்படிப் பின்னிக்கொள்ள இடம் அநேகமாக மிச்சமில்லை. நீங்கள் வைக்கும் புது ரெசின் பழையதோடு வேதியியலாகக் கலந்து ஒன்றாகிவிடுவதில்லை. பழையதன் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஆகவே பழுது தாங்குமா தாங்காதா என்பதைத் தீர்மானிப்பது ரெசினின் விலை அல்ல, நீங்கள் தேய்த்துக் கொடுத்த பரப்பு. பரப்பு அதிகமானால் பிடி அதிகம். அதனால்தான் பிளவின் விளிம்பை நீண்ட சரிவாகத் தேய்க்கச் சொல்கிறோம். கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது படகுத் தொழிலில் நிலைத்த கணக்கு. மூன்று மில்லிமீட்டர் பேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர். நான் 50 வரை போகச் சொல்வேன். செங்குத்தாக வெட்டிய விளிம்பில் புது மேட்டை முட்டவைத்தால் பிடிப்பு வெறும் மூன்று மில்லிமீட்டர்தான். அது முதல் குலுக்கலுக்கே விடும்.

தேய்க்கக் கரடுமுரடான 36 அல்லது 40 நம்பர் தாளே நல்லது. வழவழப்பாக்கினால் பிடி போய்விடும். வெளிறிய பகுதி முழுதும் போய், நல்ல இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஜெல்கோட்டில் மட்டும் மயிரிழைக் கீறல் என்று தோன்றினாலும் அதைத் திறந்து அடிவரை பாருங்கள். தேய்த்தபின் தூசியை ஊதித் துடைத்து, உடனே வேலையைத் தொடங்குங்கள். விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. ஈரம் ஏறிய பேனலானால் முதலில் வெயிலிலோ விளக்கொளியிலோ கை பொறுக்கும் சூட்டில் நன்றாக உலர்த்துங்கள்.

முதல் அடுக்குகள் பின்பக்கத்தில். பிளவைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் பரவும்படி இரண்டு அடுக்கு மேட். அது இறுகியபின் முன்பக்கத்துச் சரிவை நிரப்புங்கள். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு இறுகினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். மேட்டைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். வெட்டிய விளிம்பு கோடாக நிற்கும். ஒருநாள் பெயிண்டில் அந்தக் கோடு தெரியும். கிழித்த விளிம்பில் இழைகள் நீளமும் குட்டையுமாகப் பிரிந்து பழைய பரப்போடு கரைந்துவிடும். பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதையா என்று தொழிலில் இரண்டு கட்சி உண்டு. நான் பெரியது முதலில் என்ற கட்சி. பெரிய துண்டு சரிவு முழுவதையும் நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. பிறகு மேலே தேய்த்துச் சமன்படுத்தும்போது அறுபடுவது சிறிய துண்டுகளின் முதுகுதான். பாலமாக நிற்கும் முதல் அடுக்கைத் தாள் தொடுவதில்லை.

பிரஷ்ஷால் வாருவது தவறு. இழை கலைந்து ஒதுங்கிவிடும். குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் ரெசினைக் குடித்துக் கண்ணெதிரே நிறமிழந்து ஊடுருவித் தெரியத் தொடங்கும். அந்த நொடி வேலை சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி நின்றால் அடியில் காற்று இருக்கிறது. பல்லுள்ள சிறிய உருளையால் அழுத்தி ஓட்டி வெளியேற்றுங்கள். எடைக் கணக்கில் மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். தாராளமாக ஊற்றினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. மிஞ்சிய ரெசின் நொறுங்கும்.

நம் ஊரில் ரெசின் கடையில் மூன்று பொருள் கொடுப்பார்கள்: ரெசின், ஊதா நிறத்தில் கோபால்ட், நிறமற்ற ஹார்டனர். இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள். வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர். இரண்டு சீசாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒன்றுக்குப் போட்ட கரண்டியை மற்றதற்குப் போடாதீர்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியுங்கள், தெறித்துவிட்டால் அந்தக் கணமே நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவிக்கும் தேய்ப்புத் தூசிக்கும் முகத்தில் கட்டிய துண்டு ஒன்றும் செய்யாது. கரிம ஆவியையும் தூசியையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். பட்டறை நடத்துபவர்கள் இங்கே இருந்தால் உங்களிடம் வேலை செய்யும் பையன்களுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். அதன் விலை ஒரு டின் பெயிண்டின் விலையைத் தாண்டாது.

ஹார்டனர் அளவு ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் கோடையில் ரெசின் கிண்ணத்திலேயே இறுகிப் புகைகிறது என்று ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாகக் குறைக்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகவே இறுகாது; தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. வெயிலை வெல்ல வேறு வழிகள் இருக்கின்றன. விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஆழமான கிண்ணத்தில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றினால் சூடு சேராது. கலந்த ரெசின் மிஞ்சினால் குப்பையில் காகிதத்தோடு போடாதீர்கள். தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

அடுக்கு முடிந்ததும் பெயிண்டுக்கு ஓடாதீர்கள். ரெசின் கெட்டியான பிறகும் நாள்கணக்கில் இறுகிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சுருங்கி முடிவதற்குள் பெயிண்ட் அடித்தால், முதல் கோடையில் மேட்டின் இழை அச்சு அப்படியே பெயிண்டின்மேல் எழும்பிவிடும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் இன்னும் மோசம், வெயிலை அவ்வளவு வாங்கும். மேலே மெல்லிய டிஷ்யூ மேட் ஓர் அடுக்கு வையுங்கள். வண்டியைச் சில வாரம் வெயிலில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் பட்டி, அதுவும் தோலளவு. ஊசித் துளைகள் தெரிந்தால் அவற்றைக் கூரிய முனையால் திறந்து நிரப்புங்கள்; மூடினால் உள்ளே சிக்கிய திரவம் பெயிண்டைத் தள்ளும்.

மோதி நொறுங்கிய வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃகு மடங்கும், ஃபைபர் சிதறும். விபத்து நடந்த இடத்திலேயே எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வாருங்கள், விரல்நகம் அளவு துண்டு உட்பட. எஃகு நெளிந்தால் அசல் வடிவத்தை மறந்துவிடுகிறது. உடைந்த ஃபைபர் துண்டு ஒவ்வொன்றும் தன் வளைவை அப்படியே வைத்திருக்கும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, மெல்லிய அலுமினியப் பட்டையும் ஸ்குருவும் கொண்டு தற்காலிகமாகப் பிணைத்து, இடைவெளிகள் கதவோடும் பானெட்டோடும் சரியாக இருக்கின்றனவா என்று அளந்து, பின்னாலிருந்து அங்கங்கே சிறு மேட் துண்டால் நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு மேலே சொன்ன அதே சரிவு, அதே அடுக்கு. ஒரு பகுதி காணாமலே போயிருந்தால் இன்னொரு நல்ல வண்டியின் அதே பக்கத்துப் பேனலில் மெழுகு தேய்த்து மோல்டு எடுக்கலாம். இடது பக்கத்து மோல்டு வலதுக்கு உதவாது.

புதுப் பேனல் கிடைக்கிறதே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கார்வெட்டுக்குக் கிடைக்கிறது, உண்மை. ஆனால் வந்து சேரும் பேனல் அசலைவிடக் கனமாகவோ மெல்லியதாகவோ இருக்கலாம். அசலின் வளைவுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும். அதைப் பொருத்தத் தேய்ப்பதும் நிரப்புவதும் பழையதைச் சீர்செய்யும் நேரத்தைவிடக் கூடுதலாகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் இந்தப் பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. எஃகுத் தகட்டை எந்தப் பட்டறையும் உருவாக்க முடியாது. அது ஆலையிலிருந்து வர வேண்டும். ஃபைபர் கிளாஸ் அப்படியல்ல. இழையும் ரெசினும் சேரும் இடத்தில்தான் அது உண்டாகிறது. எலானின் கதவை முதலில் அடுக்கிய தொழிலாளி எந்தப் பொருளால், எந்தக் கருவியால், எந்த அசைவால் அதைச் செய்தாரோ, அதே பொருளால், அதே உருளையால், அதே அசைவால் நீங்கள் அதைச் சீர்செய்கிறீர்கள். அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அசல் பேனலைக் குப்பையில் எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. எறிந்தால் அது உருகி வேறொன்றாகவும் ஆகாது, அப்படியே கிடக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் பேனலின் உட்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில், அழியாத மையால் எழுதி வையுங்கள்: தேதி, எந்த ரெசின், எத்தனை அடுக்கு. குறிப்பாக எபாக்சி பயன்படுத்தியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக இறுகாது, பிடிக்காது. முப்பது வருடம் கழித்து அந்த இடத்தை இன்னொருவர் தேய்த்துத் திறக்கும்போது, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் பாலியெஸ்டரை வைத்தால் அவர் வேலை முழுவதும் உரிந்து வரும். எழுதியதன் மேல் தெளிவான ரெசினை ஒரு பூச்சுப் பூசிவிட்டால் எண்ணெயும் நீரும் அதை அழிக்காது. இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.